ஸ்டேடியம் வருகிறதா? கணக்கைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

ஒரு நகரத்துக்குப் பெரிய விளையாட்டுப் போட்டி வருகிறது, அல்லது புது ஸ்டேடியம் கட்டப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால், கூடவே ஓர் அறிக்கையும் வரும். வழவழப்பான அட்டை, கணினியில் வரைந்த ஸ்டேடியம் படம், இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை, இத்தனை கோடி வருமானம். பொதுப்பணத்தில் நடக்கும் கட்டுமானங்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். இந்த மாதிரி அறிக்கை கைக்கு வந்தால் நான் முதல் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. பின்னிணைப்புகளில் தொடங்கி முன்னால் வருவேன். மேடையில் அறிவிக்கப்படும் எண்கள் முன்பக்கத்தில் இருக்கும். யார் பணம் கட்டப் போகிறார்கள் என்பது பின்பக்கத்தில் இருக்கும்.

விளையாட்டு பிடிக்காதவன் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். நிரம்பிய கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தியவன்தான் நானும். ஒரு நகரம் தன் மக்களுக்காக ஸ்டேடியம் கட்டலாம், போட்டி நடத்தலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட நாளோடு பேரம் பேசும் பலம் முழுக்க நகரத்தின் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது, எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. கூட்டல், கழித்தல், கொஞ்சம் பிடிவாதம் போதும்.

கூடுதல் செலவு யார் தலையில்?

முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் வித்தியாசத்தை யார் கட்டுவது? பற்றாக்குறை, உத்தரவாதம், எஞ்சிய பொறுப்பு என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதைப் படித்துவிடுங்கள்.

மான்ட்ரியலில் 1976 ஒலிம்பிக்குக்கு முன்னால் மேயர் ஷான் டிராப்போ, ஆம்பளை ஒருவர் கர்ப்பமாகிக் குழந்தை பெற்றால்தான் ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும், அதாவது வரவே வராது என்கிற மாதிரி சொன்னார். அந்த ஒலிம்பிக்கின் கடனைக் கட்டி முடித்தது 2006-இல். முப்பது வருடம். புகையிலை மீது போட்ட தனி வரியிலிருந்து அதை அடைத்தார்கள். போட்டியைப் பார்க்காதவர்கள், அப்போது பிறந்தே இராதவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிய பணம் அது.

லாஸ் ஏஞ்சலஸ் இதைப் பார்த்துப் பாடம் படித்தது. 1984 ஒலிம்பிக்குக்குப் போட்டிபோட்ட இன்னொரு நகரமான டெஹ்ரான் விலகிக்கொண்டது. நடத்த வேறு ஆளில்லை. திரும்பி வராத நகரப் பணம் ஒலிம்பிக்குக்குச் செலவாகக் கூடாது என்று 1978-இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து நகரச் சாசனத்தையே திருத்தினார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தது. நஷ்டம் வந்தால் நகரம் பொறுப்பு என்ற வழக்கமான நிபந்தனை இல்லாமல், தனியார் அமைப்புக் குழு ஒன்று போட்டியை நடத்தியது. முக்கிய அரங்கம் 1923-இலேயே திறக்கப்பட்ட பழைய கொலீசியம்தான். கடைசியில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் வந்தது. லாஸ் ஏஞ்சலஸைப் போல நாமும் லாபம் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அந்த ஊரைப் போலப் பழைய ஸ்டேடியம் இருக்கிறதா, அந்த ஊரைப் போல ‘எங்கள் பணம் தரமாட்டோம்’ என்று சாசனத்தில் எழுதியிருக்கிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

2015-இல் பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ், வரி கட்டுபவர்களைப் பணயம் வைக்கும் உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னார். அன்றைக்கே 2024 ஒலிம்பிக்குக்கான பாஸ்டனின் முயற்சி முடிந்தது. ஒரே ஒரு கையெழுத்துதான் விஷயம் என்பது அதிலிருந்தே தெரியும்.

‘கூடுதல் செலவை அமைப்புக் குழு ஏற்கும்’ என்று எழுதியிருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அமைப்புக் குழு போட்டிக்காகவே உருவாக்கப்படும் அமைப்பு. போட்டி முடிந்து கணக்கு முடித்ததும் கலைக்கப்படும். அதற்குச் சொத்து கிடையாது. அந்தக் குழுவின் பின்னால் நிற்பது யார், நகரமா, மாநிலமா, மத்திய அரசா, காப்பீட்டு நிறுவனமா என்ற பெயர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

மதிப்பீடு எந்த வருடத்தினுடையது?

அடுத்தது தேதி. லண்டன் 2012 ஒலிம்பிக்கைக் கேட்டு விண்ணப்பித்தபோது சொன்ன பொதுச்செலவு 240 கோடி பவுண்டு. 2007-இல் அதைத் திருத்தி 930 கோடி பவுண்டு ஆக்கினார்கள். போட்டி முடிந்த பிறகு செலவு சுமார் 877 கோடி என்று வந்தது; பட்ஜெட்டுக்குள் முடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். எந்த பட்ஜெட்? 2007-இல் திருத்தியது. மக்களிடம் ஆதரவு கேட்டபோது சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மூன்று விஷயங்களைப் பென்சிலால் குறித்து வையுங்கள்: எந்தத் தேதியில் போட்ட மதிப்பீடு, விலைவாசி உயர்வு சேர்ந்ததா, வரி சேர்ந்ததா. பாதுகாப்புச் செலவு உள்ளே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் மதிப்பீட்டில் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960 முதல் 2016 வரை நடந்த ஒலிம்பிக்குகளில் கணக்குக் கிடைத்தவற்றை எடுத்து ஒப்பிட்டார்கள். விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் சராசரியாக 156 சதவீதம் கூடுதல் செலவு. அதாவது 100 என்று ஆரம்பித்தது 256-இல் முடிகிறது. மான்ட்ரியலில் 720 சதவீதம். சொன்ன தொகைக்குள் முடித்த போட்டி ஒன்றுகூட இல்லை. இதற்குக் காரணம் ஊழல் மட்டும் அல்ல. தொடக்க விழாத் தேதியை மாற்ற முடியாது. மற்ற திட்டங்களில் ஒப்பந்தக்காரர் விலையை ஏற்றினால் வேலையை நிறுத்திவைத்துப் பேரம் பேசலாம். இங்கே கடைசி ஆறு மாதத்தில் கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எனவே அறிக்கையின் செலவுத் தொகையை இரண்டரையால் பெருக்கி, அந்தத் தொகைக்கும் இந்தத் திட்டம் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்று பதில் வந்தால் மேலே படிக்கலாம்.

வட்டி: யாரும் படிக்காத அட்டவணை

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். மயாமியில் மார்லின்ஸ் பேஸ்பால் அணிக்காக 2012-இல் ஒரு ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பெரும்பகுதிப் பணம் மாவட்ட நிர்வாகமும் நகரமும் கடன் வாங்கிக் கொடுத்தது. மாவட்டம் எடுத்த கடன்களில் ஒன்று 9.1 கோடி டாலர். அதை அடைக்க 2048 வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகை சுமார் 120 கோடி டாலர். எழுத்துப்பிழை இல்லை, பதின்மூன்று மடங்கு.

எப்படி? சாதாரணக் கடனில் முதல் வருடத்திலிருந்தே வட்டி கட்டுவோம். இந்த வகைக் கடன் பத்திரத்தில் ஆரம்ப வருடங்களில் எதுவுமே கட்ட வேண்டாம். கட்டாத வட்டி அசலோடு சேரும். அந்தப் பெரிய அசலுக்கு மறுபடி வட்டி. ஒப்புதல் கொடுக்கும் தலைவர்களின் பதவிக்காலத்தில் பட்ஜெட்டில் ஒரு காசு கூடுதலாகத் தெரியாது. தவணை கனக்கும்போது அவர்கள் பதவியில் இருக்க மாட்டார்கள். மயாமியில் ஒப்பந்தத்தை ஆதரித்த மாவட்ட மேயருக்கு அவ்வளவு காலம்கூடக் கிடைக்கவில்லை. சொத்து வரி உயர்வும் ஸ்டேடியம் ஒப்பந்தமும் சேர்ந்து கிளப்பிய கோபத்தில் 2011-இல் மக்கள் வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கடன் அப்படியே இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது வருடவாரித் தவணை அட்டவணை. மொத்தக் கடன் தொகை அல்ல, சராசரி வட்டி விகிதமும் அல்ல. எந்த வருடம் எவ்வளவு என்ற முழு அட்டவணை. அதில் முதல் ஐந்து வருடம் காலியாக இருந்தால் அங்கே விரலை வைத்துக் கேள்வி கேளுங்கள்.

அந்த அட்டவணையின் கடைசி வருடத்தை, அணியோடு போட்ட குத்தகையின் கடைசி வருடத்தோடு ஒப்பிடுங்கள். குத்தகை முதலில் முடிந்தால், அணி வெளியேறிய பிறகும் நகரம் கடன் கட்டிக்கொண்டிருக்கும். சியாட்டிலில் கிங்டோம் என்ற அரங்கம் 1976-இல் திறந்து 2000-இல் இடிக்கப்பட்டது. இடித்த அரங்கத்துக்கான கடனை 2015 வரை கட்டினார்கள்.

கட்டுமானச் செலவுக்குள் வராத சலுகைகளுக்கு ஒரு தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: இலவச நிலம், சொத்து வரி விலக்கு, அணுகு சாலை, மின் இணைப்பு, ஆட்ட நாள்களில் போலீஸ். 2018-இல் மினியாபொலிஸில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்காக அமெரிக்க கால்பந்து (ரக்பி போன்ற ஆட்டம்) லீக் அனுப்பிய நிபந்தனைப் பட்டியல் 153 பக்கம். டிக்கெட் விற்பனைக்கு வரி விலக்கு, இலவச வாகன நிறுத்தம் என்று அது நீண்டது. கால்பந்து உலகக் கோப்பைக்கு ஃபிஃபா கேட்கும் வரி விலக்கும் இதே மாதிரிதான். இவை எதுவும் ‘செலவு’ என்ற தலைப்பில் வராது. வராத வரியாகக் கணக்குக்கு வெளியே போய்விடும்.

வருமானப் பக்கத்தில் மூன்று கழித்தல்கள்

இனி முன்பக்கத்து எண்களுக்கு வரலாம். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், செலவழிப்பார்கள், அந்தப் பணம் ஊருக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகும் என்பார்கள். அதிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும்.

முதல் கழித்தல், உள்ளூர்க்காரர்களின் பணம். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் தொகை ஸ்டேடியம் வந்ததால் கூடிவிடுவதில்லை. சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் போன பணம் டிக்கெட்டுக்குப் போகிறது. ஊருக்கு மொத்த வருமானம் அதேதான். எத்தனை சதவீத ரசிகர்கள் நகர எல்லைக்கு வெளியிலிருந்து, இந்த ஆட்டத்துக்காக மட்டும் வருகிறார்கள் என்று அறிக்கை பிரித்துக் காட்டவில்லை என்றால், வருமான எண்ணை அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது, வராமல் போனவர்கள். கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் பயந்து வழக்கமான சுற்றுலாப் பயணிகள் தள்ளிப் போவார்கள். ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆகஸ்டைவிடக் குறைவு. ஏற்கெனவே சுற்றுலாவில் நிரம்பியிருக்கும் ஊருக்கு இந்தக் கழித்தல் பெரிது. ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடக்கும் பருவத்தில் போட்டி வந்தால் சிறிது. எந்த மாதத்தில் போட்டி என்பதைப் பார்ப்பதே ஒரு பாதிப் பதில்.

மூன்றாவது, ஊரில் தங்காத பணம். ஹோட்டல் அறை வாடகை அந்த வாரம் மூன்று மடங்கு ஆகலாம். அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம் மூன்று மடங்கு ஆகாது. வித்தியாசம் வேறு ஊரில் இருக்கும் உரிமையாளருக்குப் போகும். ஒளிபரப்பு உரிமையின் பெரும்பங்கு ஒலிம்பிக் கமிட்டிக்கோ ஃபிஃபாவுக்கோ போகும். அணி வீரர்களின் சம்பளமும் அவர்கள் குடியிருக்கும் ஊரில்தான் செலவாகும். அதனால்தான் ‘ஒன்றுக்கு இரண்டாகப் பெருகும்’ என்ற பெருக்க எண்ணைச் சாதாரணத் தொழிலிலிருந்து எடுத்து விளையாட்டுக்குப் பொருத்துவது தவறு.

மூன்றையும் கழித்தால் என்ன மிஞ்சும்? 1994 கால்பந்து உலகக் கோப்பையால் அமெரிக்காவுக்கு 400 கோடி டாலர் நன்மை வரும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ராபர்ட் பாடே, விக்டர் மாத்திசன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் போட்டி நடந்த நகரங்களின் வருமானத்தைப் பின்னால் அளந்து பார்த்தபோது, அந்த நகரங்கள் எல்லாம் சேர்ந்து 550 கோடி முதல் 930 கோடி டாலர் வரை இழந்திருக்கின்றன என்று வந்தது. இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ப்ரீஸ் இருவரும், வேலைநிறுத்தத்தால் ஆட்டங்கள் நின்றுபோன காலங்களில் அந்தந்த ஊர்களின் வருமானம் என்ன ஆனது என்று பார்த்தார்கள். குறையவில்லை. ஆட்டம் நின்றபோது ஊர் வருமானம் குறையவில்லை என்றால், ஆட்டம் நடக்கும்போது அது ஊருக்கு எவ்வளவு கூட்டுகிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேலைவாய்ப்பு எண்ணை ஒரு வகுத்தலில் சரிபார்க்கலாம். அமெரிக்க கால்பந்து அணி ஒன்று வழக்கமான சீசனில் சொந்த மைதானத்தில் ஆடுவது எட்டு அல்லது ஒன்பது ஆட்டம். வாயிற்காவலர், உணவு பரிமாறுபவர், துப்புரவுப் பணியாளர் என்று 3,000 பேருக்கு வேலை என்று அறிவித்தால், அவர்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் சம்பளம் என்று கேளுங்கள். முழுநேர வேலையாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எண் சட்டென்று சுருங்கும்.

போட்டி முடிந்த மறுநாள் யார் ஆடுவார்கள்?

ஸ்டேடியத்தின் உண்மையான விலை பராமரிப்பு. தென் கொரியாவின் பியோங்சாங், 2018 குளிர்கால ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்க, நிறைவு விழாக்கள் நான்குக்காக 35,000 இருக்கை அரங்கம் கட்டி, பிறகு பிரித்து எடுத்துவிட்டது. அது வீண் என்று தோன்றலாம். ஆளில்லாத அரங்கத்தை ஆண்டாண்டாகப் பராமரிப்பதைவிட அது மலிவு என்பதே என் கருத்து. 2014-இல் பிரேசில் மனாவுஸ் நகரத்தில் உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களுக்காகக் கட்டிய அரங்கத்தை நிரப்ப, அந்த ஊரில் முதல் நிலை லீக்கில் ஆடும் அணியே இல்லை.

நன்றாகச் செய்ததும் உண்டு. மான்செஸ்டர் 2002 காமன்வெல்த் போட்டிக்கு அரங்கம் கட்டியபோதே, பிறகு அதில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி குடியேறும் என்று பேசி முடித்திருந்தார்கள். தடகளப் பாதையை எடுத்துவிட்டு, தரையைத் தோண்டி, கீழ் அடுக்கில் இருக்கைகள் போடும்படி முதலிலேயே வரைந்தார்கள். லண்டனில் அப்படி முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. ஒலிம்பிக் அரங்கத்தைக் கால்பந்துக்கு மாற்றப் பிறகு 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. கோடையில் தடகளம், மற்றக் காலத்தில் கால்பந்து என்று இருக்கைகளை நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலுக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று நினைத்தது 80 லட்சம் பவுண்டு ஆனது. அங்கே குடியேறிய வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ஆண்டு வாடகையோ அப்போது 25 லட்சம் பவுண்டுதான். வாடகையைவிட நாற்காலி நகர்த்தும் செலவு அதிகமாக இருந்தது.

குத்தகைதாரர் பெயர் இல்லாத ஸ்டேடியம் திட்டத்தை நான் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்வேன். பெயர் இருந்தால் அடுத்த கேள்விகள்: வாடகை எவ்வளவு, பழுதுபார்ப்பு யாருடையது, ஸ்டேடியத்தின் பெயர் உரிமை விற்ற பணம் யாருக்கு, கார் நிறுத்தக் கட்டணம் யாருக்கு.

நன்மையை எங்கே தேடுவது

பார்சிலோனாவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், நியாயமான உதாரணம்தான். 1992-க்கு முன் கடற்கரைப் பக்கம் தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் மறித்துக் கிடந்தன. செலவின் பெரும்பகுதியை விளையாட்டு அரங்கங்களில் போடாமல் சுற்றுச்சாலையிலும் கடற்கரையிலும் போட்டார்கள். நகரத்தை மாற்றும் திட்டம் ஒலிம்பிக் யோசனைக்கு முன்பே இருந்தது. ஒலிம்பிக் அதற்குப் பணத்தையும் அவசரத்தையும் கொண்டுவந்தது. அங்கேயும் விளையாட்டுக்கான செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே திட்டத்திலுள்ள ஒவ்வொரு மெட்ரோ பாதைக்கும் பாலத்துக்கும் இதைக் கேளுங்கள்: போட்டி இல்லாவிட்டாலும் இதைக் கட்டியிருப்போமா? ஆம் என்றால் அது நகரத்தின் சொத்து. அதன் செலவைப் போட்டியின் தலையில் ஏற்ற வேண்டாம், நன்மையையும் போட்டியின் கணக்கில் எழுத வேண்டாம். இல்லை என்றால் அது முழுக்கப் போட்டிச் செலவு.

சந்தோஷமும் நன்மைதான், அதை நான் மனதார ஏற்கிறேன். லண்டன், பாரிஸ், பெர்லின் மக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் ஒலிம்பிக் சமயத்தில் லண்டன்வாசிகளின் மனநிறைவு உயர்ந்தது தெரிந்தது; ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மக்கள் அதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ‘முதலீடு’ என்று சொல்லி வாங்காமல், ‘திருவிழா’ என்று சொல்லியே கேட்க வேண்டும். இருக்கிற அரங்கங்களில் நடத்தினால் அந்தத் திருவிழாவின் விலையும் குறையும். பாரிஸ் 2024-இல் சுமார் 95 சதவீத இடங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை.

எப்போது கேட்பது

விண்ணப்பம் போவதற்கு முன். 1972-இல் கொலராடோ மக்கள் வாக்களித்து, டென்வருக்குக் கிடைத்திருந்த 1976 குளிர்கால ஒலிம்பிக்கையே திருப்பிக் கொடுத்தார்கள். ஹாம்பர்க் 2015-இலும் கால்கரி 2018-இலும் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றன. 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கடைசியில் மிஞ்சியவை பெய்ஜிங், அல்மாட்டி இரண்டே நகரங்கள். 2017-இல் 2024-ஐப் பாரிஸுக்கும் 2028-ஐ லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒரே கூட்டத்தில் கொடுத்துவிட்டார்கள், விண்ணப்பிப்பவர்கள் குறைந்துவிட்டதால். நடத்த முன்வரும் நகரங்களின் நிலை இன்று பழையபடி இல்லை. அவையே நிபந்தனை போடும் இடத்தில் இருக்கின்றன. உங்கள் பிரதிநிதிகள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக வெளியேறும் விதியைத் தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை 260 கோடி ஆஸ்திரேலிய டாலரில் நடத்த ஒப்புக்கொண்டது. மதிப்பீடு 600 கோடியைத் தாண்டியதும் 2023 ஜூலையில் கைவிட்டது. இழப்பீடாக 38 கோடி கட்டியது. கசப்பான தொகைதான், ஆனால் தொடர்ந்திருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவில் அது ஒரு சிறு பகுதி. உங்கள் ஒப்பந்தத்தில் முதல் வருடம் விலகினால் எவ்வளவு, மூன்றாவது வருடம் விலகினால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். தேதியோடு, கையெழுத்தோடு, எழுத்தில் வாங்குங்கள்.